பல்லி என்றால் சீக்கிரம்

எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று என் மாமியார் முடிவு கட்டிய அன்று காலையில், வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் ஒரு பலகையைப் போட்டு என்னை உட்கார வைத்திருந்தார்கள். எதிரே பூசாரி. கையில் வேப்பங்கொத்து. தலையில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர் என் மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. கட்டுத்தறியில் நின்ற எருமை அசைபோடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தது.

“யாரு நீ? எந்த ஊருப் பேயி?” என்று அதட்டினார் பூசாரி.

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். பயத்தினால் அல்ல. வைக்கோல் போருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் ஒளிந்து நின்றுகொண்டிருந்தார். சிரிப்பில் அவர் தோள் குலுங்குவது நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது.

வண்டிப்பெரியாரிலிருந்து பெருமாட்டிக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன் இல்லையா? அதைப் படித்துவிட்டு, “புகுந்த வீட்டில் உங்களுக்குப் பாஷைத் தகராறு ஒன்றும் வரவில்லையா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

வந்தது, தாயே. ஆனால் நீங்கள் நினைக்கிற பாஷையால் இல்லை.

அங்கிட்டும் அக்கட்டாலயும்

எங்கள் பூர்வீகமும் பெருமாட்டி இருக்கிற சித்தூர்ப் பக்கம்தான்; மலையாளத்து எல்லையில் தமிழ் பேசுகிற ஊர்கள். நான் பிறப்பதற்கு முன்பே அப்பா மலையேறிப் போய், வண்டிப்பெரியார் கடைவீதியில் மளிகைக் கடை வைத்துவிட்டார். தேயிலை எஸ்டேட் ஆட்கள் சம்பள நாளில் கடைக்கு வருவார்கள். திருநெல்வேலிக்காரர், மதுரைக்காரர், மலையாளத்துக்காரர், துரை பங்களாவில் சமைக்கிற பட்லர் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் பருப்புக் கேட்பார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டே வளர்ந்தவள் நான். அடுத்தவர் பேச்சைப் பிடித்து அப்படியே திருப்பிச் சொல்வது எனக்கு ஒரு விளையாட்டு. பட்லர் மாதிரிப் பேசிக் காட்டி அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

பெருமாட்டிக்கு வந்தால் என் தமிழே இங்கே செல்லுபடியாகவில்லை. நான் “அங்கிட்டு” என்றால் என் மாமியாருக்குக் காது கூசும்.

“அக்கட்டாலன்னு சொல்லு அம்மிணி. அங்கிட்டாம், இங்கிட்டாம். ஊட்டுக்கு வந்த மருமக பேசறது ஊட்டுல யாருக்கும் புரியாட்டி எப்படி?”

நாச்சம்மாள் என்பது அவர் பெயர். நான் அத்தை என்று கூப்பிடுவேன். நெடுநெடுவென்று வளர்ந்தவர். களத்துமேட்டில் நின்று குரல் கொடுத்தால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆள் திரும்பிப் பார்ப்பான். அந்த வீட்டில் என்ன விதைப்பது, யாரைக் கூப்பிடுவது, யாரோடு பேச்சை நிறுத்துவது எல்லாம் அவர் தீர்ப்புத்தான். மாமனார் அதற்குத் தலையாட்டுவார்.

அத்தை பயப்படுகிற விஷயம் ஒன்றே ஒன்றுதான். பர்மா. பெரிய சண்டையின்போது அவருடைய ஒரே தம்பி பட்டாளத்தோடு பர்மாவுக்குப் போனார். திரும்பவில்லை. அந்தச் சொல்லையே வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது. வீட்டுக் கதவு பர்மாத் தேக்கு. அதைக்கூட “அந்த மரம்” என்றுதான் சொல்வார்கள்.

இந்த லட்சணத்தில் என் வீட்டுக்காரரும் பட்டாளத்தில்தான் இருந்தார். லாரி டிரைவர். கல்யாணம் முடிந்து திரும்பிப் போனவர், ஆடி மாதம் மறுபடியும் லீவில் வந்தார். ஒரு நாள் சித்தூர்ச் சந்தைக்கு மாட்டுவண்டியில் போகும்போது, முன்னும் பின்னும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“இந்தத் தடவை கப்பல்ல போகோணும் புள்ள. கொரியாவுக்கு. அங்க சண்டை நின்னுபோச்சு. ரெண்டு பக்கத்துக் கைதிகளும் எந்தப் பக்கம் போறதுன்னு முடிவு சொல்ற வரைக்கும் நம்ம ஆளுக காவல் இருக்கோணுமாம். அம்மாகிட்ட மூச்சு விட்டறாதே. மெட்ராஸ் கேம்ப்புன்னு சொல்லியிருக்கறேன்.”

கொரியா எங்கே இருக்கிறது என்று கேட்டேன். “ஜப்பானுக்கு இக்கட்டால” என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

தோப்பில் நடந்த பள்ளிக்கூடம்

பக்கத்து ஊரான கொழிஞ்சாம்பாறையில் ஆறுச்சாமி என்று இவருக்கு ஒரு கூட்டாளி. பட்டாளத்து ஆஸ்பத்திரியில் அடிபட்டவர்களைத் தூக்குகிற வேலை. சண்டை நடக்கும்போதே கொரியாவுக்குப் போய், அங்கத்துக் குளிரில் இரண்டு கால்விரலைப் பறிகொடுத்துவிட்டு ஊர் திரும்பியவர். அவருக்குக் கொரிய பாஷை தெரியும் என்று அக்கம்பக்கத்தில் பெயர். அவரும் அதை மறுத்ததில்லை.

சாயங்காலம் எங்கள் தென்னந்தோப்பில் பாடம் நடக்கும். நான் மோர் கொண்டுபோகிற சாக்கில் போவேன். பிறகு காய்ந்த மட்டை பொறுக்குகிற சாக்கில் அங்கேயே இருப்பேன்.

“தண்ணிக்கு முள்ளு” என்பார் ஆறுச்சாமி. “முள் ஜுசேயோன்னா, தண்ணி குடுங்கன்னு அர்த்தம்.”

“முள்ளா?”

“முள்ளுத்தான். இல்லைங்கறதுக்கு ஆணி. சோத்துக்குப் பாப்பு. சீக்கிரம்னா பல்லி. ரொம்பச் சீக்கிரம்னா பல்லி பல்லி.”

“இங்க வான்னு கூப்பிடறதுக்கு?”

“இரி வா.”

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஏப்பா, இரிங்கறது மலையாளம். வாங்கறது தமிழு. கொரியாக்காரனும் நம்ம சித்தூர்த் தாலூக்காவா?”

ஆறுச்சாமி சத்தியம் செய்தார். அங்கே நிஜமாகவே அப்படித்தானாம். புல்லுக்குக்கூடப் புல் என்றுதான் சொல்வார்களாம்.

ஆனால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஆஸ்பத்திரிக் கொரியன். “ஓடி ஆப்பாயோ?” என்றால், எங்கே வலிக்கிறது? “ஆப்பா” என்றால், வலிக்கிறது. “கெஞ்சனாயோ?” என்றால், பரவாயில்லையா? மூச்சை இழு, காலை நீட்டு, நாக்கைக் காட்டு. இவற்றை வைத்துக்கொண்டு ஒரு தேசத்தில் எத்தனை நாள் தள்ள முடியும்?

“நான் லாரி ஓட்டப் போறவன். எனக்கு எதுக்கப்பா நாக்கு?” என்று இவர் சலித்துக்கொண்டார்.

“லாரி ஓட்டறவன் யார் மேலயாவது ஏத்துவானில்ல? அப்பறம் எங்க வலிக்குதுன்னு கேக்க வேண்டாமா?” என்றார் ஆறுச்சாமி.

பாடம் இவர் மண்டையில் ஏறவே இல்லை. மட்டை பொறுக்குகிற எனக்கோ கேட்ட மாத்திரத்தில் ஒட்டிக்கொண்டது. ஆகவே வீட்டில் இவருக்கு மறுபாடம் நடத்துகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. பெரியவர்கள் இருக்கிற வீட்டில் புதுப்பெண் புருஷனிடம் நின்று பேச முடியாத காலம் அது. நாங்களோ அவர்கள் கண்ணெதிரிலேயே பேசினோம். சாப்பிடும்போது இவர் வாய்க்குள் “முள்” என்பார். நான் சொம்பை நகர்த்துவேன். சாதம் போட வந்தால் “ஆணி” என்பார். நான் திரும்பிப் போய்விடுவேன்.

அத்தைக்குப் பாம்புக் காது. முதல் தடவை, என் வீட்டுக்காரரின் இலையைத் தன் பக்கம் இழுத்து, சோற்றை விரலால் கிளறிக் கிளறிப் பார்த்தார்.

“என்னங்கம்மா தேடறீங்க?”

“முள்ளுன்னியே. எங்க கெடக்குது?”

அடுத்து, சந்தைக்குக் கிளம்ப நேரமாகிறதே என்று நான் கதவோரம் நின்று “பல்லி, பல்லி” என்றேன். அத்தை சட்டென்று சுவரைப் பார்த்தார். பல்லி இல்லை. மற்றச் சுவரையும் பார்த்தார். எந்தத் திசையில் கத்தியது என்று மாமனாரைக் கேட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று இவருடைய சந்தைப் பயணத்தையே நிறுத்திவிட்டார்.

கடைசியில் என்னைக் காட்டிக்கொடுத்தது எருமைதான். காலில் முள் குத்தி நொண்டிக்கொண்டிருந்த அதனிடம் குனிந்து, “ஓடி ஆப்பாயோ? கெஞ்சனாயோ?” என்று நான் கொஞ்சிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் பின்னால் அத்தை. முகத்தில் ரத்தமே இல்லை. நேராகப் போய், வயல் வேலைக்கு வந்து நின்ற ஆளைப் பூசாரி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மலைக்காட்டிலிருந்து வந்த மருமகள். மலைப்பேய் ஏதோ கூடவே வந்துவிட்டது. அவர் கணக்கு அவ்வளவுதான்.

பேய் பேசியது

இப்போது பொடக்காளிக்குத் திரும்புவோம். பூசாரி இரண்டாம் முறையாக அதட்டினார்.

“சொல்றியா, இல்ல அடிக்கட்டுமா?”

உண்மையைச் சொன்னால் கப்பல் பயணம் அம்பலமாகும். பேசாமல் இருந்தால் வேப்பங்கொத்து முதுகில் இறங்கும். இரண்டையும் யோசித்துப் பார்த்தேன். பேயாகவே இருந்துவிடலாம் என்று பட்டது. கண்ணை அகல விரித்து, குரலைத் தாழ்த்தி, “முள் ஜுசேயோ” என்றேன்.

பூசாரி அத்தையின் பக்கம் திரும்பினார். “முள்ளுங்குதுங்க. முள்ளுக்காட்டுப் பேயிங்க. வேலாமரத்துல தொங்குனதாட்ட இருக்குது.” பிறகு என்னிடம், “இந்தப் புள்ளைய உட்டுட்டுப் போறியா?” என்றார்.

“ஆணி!”

“கேட்டீங்களாங்க? ஆணிங்குது. புளியமரத்துல ஆணி அடிச்சாத்தான் போவேன்னு அதே வாயால சொல்லிருச்சு!”

வைக்கோல் போர் ஆடியது. என்னால் தாங்க முடியவில்லை. தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினேன். பேய் ஆடுகிறது என்று நினைத்த பூசாரி, வேப்பங்கொத்தை ஓங்கி என் முதுகில் ஒன்று வைத்தார். இலை அல்ல, காம்பு பட்டுவிட்டது. சுரீர் என்றது.

“ஆப்பா!” என்று அலறினேன். அது மட்டும் நடிப்பில்லை.

சரியாக அந்த நேரம் பார்த்து, அன்றைக்குப் பாடம் உண்டா என்று விசாரிக்க வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார் ஆறுச்சாமி. எத்தனையோ நாள் அந்தக் கூப்பாட்டுக்கு ஓடிப் பழகிய கால். நொண்டி நொண்டி என்னிடம் பாய்ந்து வந்து, “ஓடி ஆப்பாயோ? ஓடி ஆப்பாயோ?” என்று பதறினார்.

பூசாரியின் கை அந்தரத்தில் நின்றது. “இவனையும் புடிச்சிருச்சுங்களே!”

அத்தை பூசாரியைப் பார்க்கவில்லை. ஆறுச்சாமியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஆட்டம் நின்றுபோயிருந்த வைக்கோல் போரைப் பார்த்தார். ஆறுச்சாமி எந்த ஊருக்குப் போய் வந்தவர் என்பது பெருமாட்டியில் எல்லாருக்கும் தெரியும்.

“ஆறுச்சாமி, இது நீ போயிருந்த ஊருப் பேச்சா?”

அவர் தரையைப் பார்த்தார்.

“என்ற மகன் எங்க போறான்?”

தலையெல்லாம் வைக்கோலோடு இவர் வெளியே வந்தார். “சண்டை நின்னுபோச்சுங்கம்மா. காவலுக்குத்தான் போறோம். நான் வெறும் லாரி ஓட்டப் போறேன்.”

“என்ற தம்பியும் லாரி ஓட்டத்தான் போனான்” என்றார் அத்தை.

பேய்க்காகக் கொண்டுவந்திருந்த கருங்கோழியை அவரே பூசாரியின் கையில் கொடுத்து, “வந்ததுக்கு வெச்சுக்கங்க” என்று அனுப்பிவிட்டு உள்ளே போனார். என் முதுகுக்கு விளக்கெண்ணெய் தடவிவிட்டவரும் அவர்தான்.

புது மாணவி

அதன்பிறகு அத்தை மகனோடு பேசவே இல்லை. சோறு போடுவார், போய்விடுவார். லீவு கரைந்துகொண்டே வந்தது. தோப்பில் பாடமும் செத்துப்போயிருந்தது. இவர் தேங்காய் மட்டையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆறுச்சாமி வானத்தைப் பார்ப்பார்.

ஒரு சாயங்காலம் அத்தை தோப்புக்கே வந்துவிட்டார். இரண்டு ஆண்களும் எழுந்து நின்றார்கள். அவர் முந்தானையை உதறிவிட்டு ஒரு மட்டையின் மேல் உட்கார்ந்தார்.

“ஆறுச்சாமி, ‘எங்கம்மாளுக்கு நான் ஒரே பையன், என்னை உட்டுருங்க’. இதெ அந்த ஊருப் பேச்சுல எப்படிச் சொல்லோணும்? இவனுக்குச் சொல்லிக் குடு.”

ஆறுச்சாமி விழித்தார். “அவ்வளவு தூரம் தெரியாதுங்க பெரியம்மா. அம்மாளுக்கு ஓமொனி. அது தெரியும். அடிபட்டவங்க அப்படித்தான் கத்துவாங்க. சின்னப் பசங்க ஓம்மான்னுதான் கூப்பிடும்.”

“ஓம்மாவா?” அத்தை சற்று நேரம் அதையே வாயில் போட்டு மென்றார். “சரி. அப்ப முழுசா வேத்து ஊரு இல்ல.”

பிறகு மகனைப் பார்த்தார். அத்தனை நாளுக்கு அப்புறம் அன்றுதான் நேராகப் பார்த்தார்.

“போகாதேன்னா நீ நிக்கப் போறதில்ல. நின்னாலும் அவங்க உடப் போறதில்ல. என்ற தம்பிக்கு அந்த ஊருப் பேச்சு ஒரு வார்த்தை தெரியாது. கடைசியில தண்ணி கேக்கவாவது தெரிஞ்சுதோ என்னமோன்னு இன்னைக்கும் நெனைச்சுக்குவேன். நீ வாயோட போ.”

இவர் “சரிங்கம்மா” என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் சட்டம் மாறியது. கொரியனில் கேட்டால்தான் தண்ணீர். மறந்துபோய்த் தமிழில் கேட்டால் அத்தை காது கேளாதவர் மாதிரி இருப்பார். ஒரு மத்தியானம் இவருக்குப் புரையேறிக் கண்ணில் நீர் வழிகிறது. சொம்பு அத்தையின் கையில். “முள்ளு என்ன? அதுக்கு மேல என்ன?” என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார். “ஜு... ஜுசே... யோ” என்று முடித்த பிறகுதான் சொம்பு இறங்கியது.

இவருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற வேகத்தில் அத்தையே முழுப் பாஷையும் படித்துவிட்டார்.

புறப்படுகிற அன்று பஸ் நிற்கிற இடத்துக்கு ஊரே வந்திருந்தது. அழுதால் சகுனம் கெடும் என்று அத்தை அழவில்லை. வண்டி நகர்ந்ததும் களத்துமேட்டுக் குரலில், “பல்லி வா! பல்லி வா!” என்று கத்தினார். சீக்கிரம் வா என்று அர்த்தம். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் மேலே மரத்தில் பல்லியைத் தேடினார்கள்.

ஒறம்பரை வந்தால்

அந்த ஆறு மாதமும் பெருமாட்டியில் கொரியன் பேசிக்கொண்டிருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். உபயோகம் நிறைய இருந்தது. ஒறம்பரை, அதாவது விருந்தாளி, வந்தால் அத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடி “பாப்பு” என்பார். நான் உலை வைப்பேன். “ஆணி” என்றால் காப்பியோடு சரி. வந்தவர் கிளம்ப மாட்டேன் என்று கதையளந்துகொண்டிருந்தால், “பல்லி பல்லி” என்று பெருமூச்சு விடுவார். பல்லி சொல்லிவிட்டதே என்று பயந்து வந்தவரே எழுந்துவிடுவார்.

மாமனார் மட்டும் சந்தேகமாகப் பார்ப்பார். “ஏனுங்கத்தை, மாமாவுக்குத் தெரிஞ்சுபோச்சோ?” என்று கேட்டேன். “கெஞ்சனாயோ” என்றார் அத்தை.

தபால் எப்போதாவது வரும். நலம், குளிர் அதிகம், அம்மாவைப் பார்த்துக்கொள். அவ்வளவுதான். பட்டாளத்தில் அதற்கு மேல் எழுத விடமாட்டார்கள். தபால் வராத வாரங்களில் அத்தை சொம்பை எடுத்து வைத்துக்கொண்டு, “இன்னேரம் தண்ணி கேட்டிருப்பானா?” என்பார். “ஜுசேயோ போட்டுத்தான் கேட்டிருப்பாருங்க அத்தை” என்பேன்.

மாசி மாதம் இவர் திரும்பி வந்தார். இளைத்திருந்தார். உதடெல்லாம் வெடித்திருந்தது. தோளில் ஒரு சாம்பல்நிறக் கம்பளி. அத்தை வாசலிலேயே நிறுத்தித் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். கால்விரல்களை எண்ணினார். எல்லாம் இருந்தன. அப்புறம்தான் வாய் திறந்தார்.

“கெஞ்சனாயோ? ஓடி ஆப்பாயோ? முள்? பாப்பு?”

இவர் திருதிருவென்று விழித்தார். “என்னங்கம்மா?”

அத்தை என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன்.

விஷயம் சாப்பாட்டுக்குப் பிறகு மெல்ல வெளிவந்தது. கேள்விப்பட்டு ஆறுச்சாமியும் வந்து சேர்ந்திருந்தார். இவரை விட்டிருந்த முகாமில் இருந்த கைதிகள் அத்தனை பேரும் சீனாக்காரர்களாம்.

“ஒருத்தன்கூடக் கொரியாக்காரன் இல்லையா?” என்று ஆறுச்சாமி தலையில் கைவைத்துக்கொண்டார்.

“கப்பல் இறங்குன எடத்துல ஒருத்தனப் பாத்தேன். இரி வான்னேன். அவன் இங்கிலீஷ்ல நோன்னுட்டுப் போயிட்டான். அத்தோட சரி. எனக்கு அங்க என்ன வேலை தெரியுமா? தண்ணி லாரி. காலையிலிருந்து பொழுது சாயற வரைக்கும் தண்ணி. ஒருத்தனும் முள்ளுன்னு கேக்கலை.”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அத்தை சிரிக்கவில்லை.

“அந்தப் பசங்கெல்லாம் ஊடு போய்ச் சேந்தாங்களா?”

“ஒரு சிலபேர்தான் ஊட்டுக்குப் போனாங்கம்மா, மத்தவங்க எதிர்ப் பக்கம் போயிட்டாங்க. கொஞ்சம் பேர் ரெண்டு பக்கமும் வேண்டாம்னுட்டாங்க. அவங்களை நம்ம நாட்டுக்கே கூட்டியாந்திருக்குது. அதுல பெரும்பாலும் கொரியாக்காரங்கதானாம். எல்லாம் இளவட்டப் பசங்க. மெட்ராஸ்ல எறங்குனாங்க.”

“அவங்களுக்கு ஆத்தா இல்லையா?”

“இருப்பாங்க. அங்க.”

அத்தை நிஜமாகவே கோபப்பட்டார்.

“போடா, கூறுகெட்டவனே. ரெண்டு பேரையாவது இங்க கூட்டியாந்திருக்கலாமில்ல? மெட்ராஸ்ல அதுககூடப் பேசறதுக்கு யாரு இருக்கறா? இங்க நாங்க ரெண்டு பேர் இருக்கறமே!”

அவர் சொன்னதைக் கேட்டு ஆறுச்சாமி சிரித்தார். இவரும் சிரித்தார். நானும்தான். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம்.

மறுநாள் விடிந்து நான் வாசல் தெளிக்கப் போகும்போது, மேற்கு அறையிலிருந்த பருத்திக்கொட்டை மூட்டைகளை மாமனார் ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் இரண்டு கயிற்றுக்கட்டில் தயாராக நின்றது. உள்ளே அத்தை ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தார்.